வாயுவின் சுருளா, வலையின் சுருளா?

சென்னையில் வானூர்திப் பொறியியல் முதுநிலை படிக்கும் மாணவர் ஒருவர், கணினியில் தாம் கணித்த இரண்டு வாயு ஓட்டப் படங்களைக் காட்டி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். முதல் படத்தில், மாக் 6 வேகத்தில் (ஒலியைப் போல் ஆறு மடங்கு) வரும் காற்று ஓர் உருளையின் மீது மோதுகிறது. உருளைக்கு முன்னே வழுவழுப்பாக வளைந்து நிற்க வேண்டிய வில் அதிர்ச்சி அலை (அழுத்தமும் அடர்த்தியும் சட்டெனத் தாவும் மெல்லிய முகப்பு), நடுவில் மூக்கு முளைத்தாற்போலப் புடைத்து நிற்கிறது. இரண்டாம் படத்தில், காற்றுக்கும் சல்பர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவுக்கும் இடையிலுள்ள நெளிந்த எல்லையை ஓர் அதிர்ச்சி அலை கடந்துபோன பிறகு, காளான் வடிவச் சுருள்கள் எழுகின்றன. கிரிட்டை, அதாவது ஓட்டத்தைச் சிறு கண்ணறைகளாகப் பிரிக்கும் வலையை, நுணுக்க நுணுக்கப் புதிய சுருள்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. “இவற்றில் எது உண்மையான நிலையின்மை, எது கணிப்பின் கோளாறு? எந்த ஸ்கீமைப் பயன்படுத்தினால் சரியாக வரும்?” என்பது அவர் கேள்வி. நிலையின்மை என்பது ஒரு சிறு கலக்கம் தானே பெருகி வளர்வது; ஸ்கீம் என்பது சமன்பாடுகளை வலையில் தீர்க்கும் எண்முறை.

முதலில் நேரடியான பதில். உருளையின் முன் தெரியும் மூக்கு கணிப்பின் கோளாறு. இரண்டாம் படத்தில் பெரிய காளான் உண்மையானது. அதன் தண்டிலும் விளிம்பிலும் கிரிட்டோடு சேர்ந்து மாறும் நுண்சுருள்கள், நீங்கள் தீர்த்த சமன்பாடுகளில் விடையே இல்லாத ஒரு கேள்விக்கு உங்கள் வலை தானாகச் சொன்ன விடை. எந்த ஸ்கீம் என்ற கேள்வியை அதற்குப் பிறகுதான் எடுக்க முடியும். ஏனென்றால் எந்தச் சமன்பாட்டை, எந்தத் தொடக்கக் கலக்கத்தோடு தீர்க்கிறோம் என்று முடிவு செய்யாதவரை, ஒரு ஸ்கீம் நல்லதா கெட்டதா என்று சொல்வதற்கு அளவுகோலே கிடையாது.

இந்தத் துறையின் அடிப்படைச் சங்கடத்தைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். அதிர்ச்சி அலையின் தடிமன், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சராசரி இடைத்தூரத்தில் சில மடங்குதான். கடல்மட்டக் காற்றில் அந்த இடைத்தூரம் ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதை எந்தப் பொறியியல் வலையாலும் பிடிக்க முடியாது. எனவே அதிர்ச்சி அலையைச் சில கண்ணறைகளுக்குள் பரப்பி, அங்கே ஆற்றலைச் சிதறடித்து நிறுத்துகிறோம். 1950இல் வான் நாய்மனும் ரிச்ட்மையரும் முன்வைத்த செயற்கைப் பாகுநிலை அதை வெளிப்படையாகவே செய்தது. 1959இல் கோடுனோவ் தந்த முறை, ஒவ்வொரு கண்ணறை எல்லையிலும் ஒரு சிறிய ரீமான் சிக்கலை, அதாவது இருபுறமும் வேறுபட்ட நிலையிலுள்ள வாயு சந்தித்தால் என்ன ஆகும் என்ற கணக்கை, தீர்ப்பதன் வழியே அதே வேலையை மறைமுகமாகச் செய்தது. அலைவுகளை உண்டாக்காத நேரியல் முறை எதுவும் முதற்படித் துல்லியத்தை, அதாவது கண்ணறை பாதியானால் பிழையும் பாதியாகும் அளவை, தாண்ட முடியாது என்றும் அவரே நிறுவினார். அதற்குப் பின் வந்த வான் லீர், ஹார்ட்டன் முதலியோரின் வேலைகளும், 1996இல் ஜியாங்கும் ஷூவும் செம்மைப்படுத்திய வீனோ (WENO) என்ற உயர்படி முறையும், அந்தத் தடையை நேரியலல்லாத வழியில் சுற்றிப் போவதற்கான முயற்சிகளே.

அதிர்ச்சி அலைக்குச் சிதறல் வேண்டும். நிலையின்மைக்கோ சிதறல் நஞ்சு. தொடக்கத்தில் இலட்சத்தில் ஒரு பங்காக இருக்கும் ஒரு கலக்கம் பெருகி வளர்வதைத்தான் நாம் காண விரும்புகிறோம். சிதறல் அதிகமானால் அது வளருமுன்பே கரைந்துவிடும், குறைந்தால் அதிர்ச்சி அலையே பொய்யான கலக்கங்களை உமிழத் தொடங்கும். மாணவரின் இரண்டு படங்களும் இந்த இரண்டு பக்கங்களிலிருந்து வந்தவை.

முதல் படத்துக்கு வருவோம். இந்தக் கோளாற்றுக்குக் கார்பங்கிள் என்று பெயர். மருத்துவத்தில் அந்தச் சொல்லை நாம் ராஜபிளவை என்போம். பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. 1988இல் பீரியும் இம்லேயும் மழுங்கிய முனையுள்ள பொருள்களைச் சுற்றிய ஓட்டத்தைக் கணித்தபோது இதை எடுத்துக்காட்டினார்கள். 1994இல் குவிர்க் இதை மிக எளிய ஒரு சோதனையாகச் சுருக்கினார்: 20 கண்ணறை அகலமுள்ள நேரான குழாயில் மாக் 6 வேகத்தில் ஒரு தட்டையான அதிர்ச்சி அலையை ஓட விட்டு, குழாயின் நடுக்கோட்டிலுள்ள வலைப்புள்ளிகளை மட்டும் மாறி மாறி மேலும் கீழுமாகப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நகர்த்தி வைத்தார். ரோ முறையைப் போன்ற கூர்மையான ரீமான் தீர்விகளில், அந்தக் கண்ணுக்குத் தெரியாத நெளிவு வளர்ந்து வளர்ந்து அதிர்ச்சி அலையையே உடைத்துவிட்டது.

அது வாயுவின் குணம் அல்ல என்று எப்படித் துணிந்து சொல்கிறோம்? தட்டையான அதிர்ச்சி அலையின் நிலைத்தன்மையை டியாகோவ் 1954இலும் கொண்டொரோவிச் 1957இலும் ஆராய்ந்தார்கள். தன்வெப்பங்கள் மாறாத நல்லியல்பு வாயுவில் அத்தகைய அலை நிலையானது, அதன்மேல் விழும் நெளிவு தானே அடங்கிவிடும் என்பது அந்தக் கோட்பாட்டின் முடிவு. நல்லியல்பு வாயுவின் சமன்பாட்டை எழுதிவைத்துவிட்டு, கணிப்பில் அலை உடைகிறது என்றால், குற்றம் கணிப்பினுடையதுதான். கார்பங்கிளின் வேர் முழுக்க முழுக்க எண்சார்ந்ததா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் அடங்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் உங்கள் உருளைப் படத்துக்கு அந்த விவாதம் தேவைப்படாது.

காரணம் இதுதான். ரோ, எச்எல்எல்சி (HLLC) போன்ற ரீமான் தீர்விகள் அடர்த்தி மட்டும் மாறும் தொடுமுறிவையும், இணையாக வழுக்கும் அடுக்குகளையும் சிறிதும் சிதறடிக்காமல் காப்பாற்றும்படி வடிவமைக்கப்பட்டவை. எல்லைப் படலத்தை, அதாவது பொருளின் பரப்பை ஒட்டிய மெல்லிய வாயு அடுக்கை, துல்லியமாகப் பிடிப்பதற்கு அந்தக் குணம் அவசியம். ஆனால் அதிர்ச்சி அலை வலைக்கோட்டோடு கச்சிதமாக இணைந்து நிற்கும் இடத்தில், அலைக்கு இணையான திசையில் எந்தச் சிதறலும் இல்லாமல் போகிறது. அங்கே அடுத்தடுத்த கண்ணறைகளுக்குள் ஏற்படும் சிறிய அழுத்த வேறுபாடு அடர்த்தி வேறுபாட்டை ஊட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்க ஒன்றும் இருக்காது. வலையைச் செம்மையாகவும், அதிர்ச்சி அலையோடு அழகாக ஒத்துப்போகும்படியும் அமைத்தவர்களுக்கே இந்தக் கோளாறு அதிகம் வரும் என்பது இதில் வருத்தமான பகுதி.

தீர்வாகப் பலரும் அதிகம் சிதறடிக்கும் எச்எல்எல் (HLL) முறைக்கு மொத்தமாக மாறிவிடுகிறார்கள். மூக்கு மறைந்துவிடும், ஆனால் அதே முறை எல்லைப் படலத்தையும் அழித்துப் பரப்பிவிடுவதால், உருளையின் மேற்பரப்பு வெப்பப் பாய்வு நம்ப முடியாததாகிவிடும். அதிர்ச்சி அலைக்கு அருகிலுள்ள கண்ணறைகளை மட்டும் அடையாளம் கண்டு, அங்கேயும் அலைக்கு இணையான திசையின் பாய்வுகளுக்கு மட்டும் எச்எல்எல்லைப் பயன்படுத்தி, மற்ற எல்லா இடங்களிலும் எச்எல்எல்சியை வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. திசை திருப்பப்பட்ட ரீமான் தீர்விகளும் உள்ளன. அவையும் நன்றாகவே வேலை செய்கின்றன. எதைச் செய்தாலும், உங்கள் நிரலில் குவிர்க்கின் குழாய்ச் சோதனையை முதலில் ஓட்டுங்கள். ஒரு மடிக்கணினியில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை அது. பல ஆண்டுகளுக்கு முன் நான் அதைச் செய்யாமல் விட்டதால், ஒரு மழுங்கு முனைக் கணிப்பில் தெரிந்த ஊசலாட்டத்தை ஓட்டத்தின் இயல்பான நிலையின்மை என்று நம்பி இரண்டு மாதம் அதன் அதிர்வெண்ணை அலசிக்கொண்டிருந்தேன். வலையை அரைக் கண்ணறை நகர்த்தியதும் அது காணாமல் போயிற்று.

இரண்டாம் படம் இன்னும் ஆழமானது. அதிர்ச்சி அலை கடந்த எல்லையில் எழும் வளர்ச்சிக்கு ரிச்ட்மையர்–மெஷ்கோவ் நிலையின்மை என்று பெயர். 1960இல் ரிச்ட்மையர் கணக்கிட்டுச் சொன்னதை, 1969இல் மெஷ்கோவ் அதிர்ச்சிக் குழாயில் செய்துகாட்டினார். அழுத்தம் கூடும் திசையும் அடர்த்தி கூடும் திசையும் ஒன்றாக இல்லாத இடத்தில் சுழற்சி பிறக்கும் என்பதே இதன் இயக்கம். எல்லை நெளிந்திருப்பதால் அலை கடக்கும் அந்த ஒரு கணத்தில் நெளிவின் சரிவுகளில் சுழற்சி பதிந்துவிடுகிறது. அலை போய்விட்ட பிறகும் அந்தச் சுழற்சி எல்லையைச் சுருட்டிக்கொண்டே இருக்கிறது.

இதன் தொடக்க வளர்வேகத்துக்கு எளிய சூத்திரம் உண்டு: அலையெண் (2π-ஐ அலைநீளத்தால் வகுத்தது), அடர்த்தி வேறுபாட்டை அடர்த்திக் கூட்டுத்தொகையால் வகுத்துக் கிடைக்கும் ஆட்வுட் எண், எல்லை பெற்ற திடீர் வேகம், அதிர்ச்சிக்குப் பிந்திய வீச்சு ஆகிய நான்கின் பெருக்குத்தொகை. நெளிவின் அலைநீளம் 50 மில்லிமீட்டர், வீச்சு 2 மில்லிமீட்டர், ஆட்வுட் எண் 0.67, எல்லையின் வேகம் வினாடிக்கு 100 மீட்டர் என்று கொண்டால், வீச்சு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் வீதம் வளரும். வீச்சு 8 மில்லிமீட்டரை நெருங்கும்போது இந்தச் சூத்திரத்தின் எல்லை முடிந்துவிடும். அதுவரை உங்கள் கணிப்பின் வளர்வேகம் சூத்திரத்தோடு சில சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத நிரலிலிருந்து எடுத்த எந்த அழகான படத்துக்கும் மதிப்பில்லை. சோதனையோடு ஒப்பிடும்போது மட்டும் கவனம் தேவை: மெஷ்கோவ் அளந்த வேகமே சூத்திரத்தைவிடக் குறைவாக இருந்தது, இரு வாயுக்களையும் பிரித்து வைத்த மெல்லிய படலம் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பெரிய காளானை இதன் வழியே நம்பலாம். நுண்சுருள்களின் கதை வேறு. காளான் எழும்போது அதன் தண்டின் இரு புறமும் வாயுக்கள் எதிரெதிரே வழுக்குகின்றன; அந்த வழுக்குப் பரப்பில் கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மை எழுகிறது. தடிமனே இல்லாத வழுக்குப் பரப்பில், சம அடர்த்தியுள்ள பாகுநிலையற்ற பாய்மங்களுக்கு, கலக்கத்தின் வளர்வீதம் அலையெண்ணையும் வேக வேறுபாட்டையும் பெருக்கி இரண்டால் வகுத்த அளவு. அதாவது அலைநீளம் பாதியானால் வளர்வீதம் இரட்டிப்பாகிறது, அதற்குக் கீழ்வரம்பே கிடையாது. பாகுநிலையை விட்டுவிடும் ஆய்லர் சமன்பாடுகளைத் தீர்க்கும் நீங்கள் கண்ணறையைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும், முன்பு இடமே இல்லாதிருந்த ஒரு குட்டி அலைக்கு இடம் தருகிறீர்கள். அந்தக் குட்டி அலைதான் எல்லாவற்றையும்விட வேகமாக வளர்கிறது. அதனால்தான் கணிப்பு எங்கும் போய் ஒருங்குவதில்லை. அது உங்கள் நிரலின் பிழையன்று. கேட்ட கேள்வியின் தன்மை அப்படி.

உண்மையான வாயுவில் பாகுநிலை இதை நிறுத்தும். எந்த அலைநீளத்தில் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். காற்றின் இயக்கப் பாகுநிலை ஒரு வினாடிக்கு 0.000015 சதுர மீட்டர். வேக வேறுபாடு வினாடிக்கு 17 மீட்டர். வளர்வீதமும் பாகுநிலைத் தணிவும் சமமாகும் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் என்று வருகிறது. 50 மில்லிமீட்டர் அகலத்தை 512 கண்ணறைகளாகப் பிரித்தால் ஒரு கண்ணறையே ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர். ஆகவே பாகுநிலையையும் சேர்த்துக்கொள்ளும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்கு மாறி, காற்றின் பாகுநிலையை அப்படியே இட்டாலும் பயனில்லை. சுருள்களை நிறுத்துவது இன்னமும் உங்கள் வலைதான்.

வழி இரண்டு உண்டு. வழுக்கு அடுக்குக்கு ஓர் உண்மையான தடிமன் கொடுப்பது ஒன்று. வேகம் அதிபரவளையத் தொடுகோட்டுச் சார்பின் வடிவில் மாறுகிறது என்றும், அதன் தடிமன் அளவு அரை மில்லிமீட்டர் என்றும் கொண்டால், சுமார் 3 மில்லிமீட்டரைவிடச் சிறிய அலைகள் வளரவே மாட்டா; மிக வேகமாக வளரும் அலை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளமுடையது. அதை 70 கண்ணறைகளால் பிடிக்கிறீர்கள், கணிப்பு ஒருங்கும். ஆனால் ஓட்டம் நீட்டி இழுக்க இழுக்க அடுக்கு மெலிந்துகொண்டே போகும் என்பதால், இதனோடு இரண்டாவது வழியும் தேவைப்படும்: உங்கள் வலையால் பிடிக்கக்கூடிய அளவுக்குப் பாகுநிலையை வேண்டுமென்றே உயர்த்தி, இது இன்ன ரெனால்ட்ஸ் எண்ணுக்கான (பாகுநிலையோடு ஒப்பிட்ட ஓட்டத்தின் வலிமைக்கான) விடை என்று வெளிப்படையாக எழுதுவது. ரெனால்ட்ஸ் எண் சோதனையினுடையதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் அந்த எண்ணுக்கு அது சரியான விடையாக இருக்கும். பாகுநிலை என்னவென்றே தெரியாத ஒரு விடையைவிட இதை நான் பல மடங்கு உயர்வாக மதிக்கிறேன்.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1984இல் வுட்வர்டும் கொலெல்லாவும் பிரபலமாக்கிய, மாக் 10 அதிர்ச்சி அலை 30 பாகை ஆப்பின் மீது ஏறும் இரட்டை மாக் எதிரொளிப்புச் சோதனையை எல்லோரும் ஓட்டுகிறார்கள். அதன் வழுக்குக் கோட்டில் எத்தனை சுருள்கள் தெரிகின்றன என்று எண்ணி, அதிகம் தெரிவதே சிறந்த ஸ்கீம் என்று கட்டுரைகள் எழுதப்படுகின்றன. ஆய்லர் சமன்பாட்டில் அந்தச் சுருள்களுக்குச் சரியான எண்ணிக்கை என்று ஒன்றே கிடையாது. அதிகச் சுருள் என்பது குறைந்த சிதறலைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதைத் துல்லியம் என்று மாணவர்களுக்குக் கற்பிப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

மீயொலி வேகம் இந்த வழுக்கு அடுக்குகளின் குணத்தையே மாற்றிவிடுவதையும் கவனியுங்கள். வேக வேறுபாட்டை இரு வாயுக்களின் ஒலிவேகக் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது இயக்க மாக் எண். பொக்டானோஃப் 1983இலும், பாபமோஷு, ரொஷ்கோ இருவரும் 1988இலும் இதை நிலைநிறுத்தினார்கள். அது 1ஐ நெருங்கும்போது அடுக்கு விரியும் வேகம், அமுக்கமுடியாத ஓட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒலிவேகத்தை அந்தந்த வாயுவுக்கும் வெப்பநிலைக்கும் ஏற்பத் தனித்தனியே கணக்கிட வேண்டும்: அறை வெப்பநிலையில் காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர், சல்பர் ஹெக்சாஃபுளோரைடில் சுமார் 135 மீட்டர் மட்டுமே. ஒலிவேகம் பருவத்தோடு மாறுவதை நம் ஊரிலேயே அளந்திருக்கிறார்கள் என்பதை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டு, 1823இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். கத்திரி வெயிலில் ஒரு மதிப்பும் மார்கழியில் வேறொரு மதிப்பும் வருவதை அந்தக் காலத்திலேயே எண்களாகப் பதிவு செய்தவர் அவர்.

இயக்க மாக் எண் ஏறத்தாழ 0.6ஐத் தாண்டியதும், ஓட்டத்துக்குச் சாய்வாகச் செல்லும் அலைகளே மிக வேகமாக வளர்கின்றன என்று சாண்ட்ஹாம், ரெனால்ட்ஸ் ஆகியோரின் கணிப்புகள் காட்டின. இரு பரிமாணத்தில் மட்டும் பார்த்தால், ஒரே வாயுவின் இரு அடுக்குகளுக்கிடையிலான வேக வேறுபாடு ஒலிவேகத்தைப் போல் 2.83 மடங்கைத் தாண்டும்போது வழுக்குப் பரப்பு முற்றிலும் நிலையானது போலத் தோன்றும். அது தோற்றமே, சாய்வான அலைக்கு அந்த வேகத்தின் ஒரு கூறு மட்டுமே தெரிவதால், அது அங்கேயும் வளர்ந்துவிடும். ஸ்ரீஹரிகோட்டாவில் 2016 ஆகஸ்டு 28 அன்று இஸ்ரோ சோதித்ததைப் போன்ற ஸ்கிராம்ஜெட் எஞ்சினில் (மீயொலி வேகக் காற்றோட்டத்திலேயே எரிபொருளை எரிக்கும் எஞ்சின்), எரிபொருளும் காற்றும் ஒரு மில்லிவினாடி அளவிலான நேரத்துக்குள் கலந்து எரிந்தாக வேண்டும். அந்தக் கலப்பை இரு பரிமாணக் கணிப்பால் மதிப்பிடுவது பெருந்தவறில் முடியும். முப்பரிமாணத்தில் கண்ணறையைப் பாதியாக்கினால் வேலை 16 மடங்காகிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே முப்பரிமாணத்தில் நடுத்தர வலை, இரு பரிமாணத்தில் நுண்வலை என்ற தேர்வு வந்தால் முன்னதையே எடுங்கள்.

எல்லைப் படல நிலையின்மையை மாணவர் கேட்கவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மாக் எண் 4ஐத் தாண்டிய ஓட்டங்களில், லெஸ்லி மேக் கண்டறிந்த இரண்டாம் முறைமை மேலோங்குகிறது; படலத்துக்குள் சிக்கி எதிரொலிக்கும் ஒலியலை அது. அதன் அலைநீளம் படலத் தடிமனில் ஏறத்தாழ இரண்டு மடங்கு: படலம் 2 மில்லிமீட்டர், வேகம் வினாடிக்கு 1,000 மீட்டர் என்றால் அதிர்வெண் வினாடிக்கு 2,50,000 அளவில் வரும். சுவரைக் குளிர்வித்தால் முதல் முறைமை அடங்கும், இது வலுக்கும். இத்தனை நுண்ணிய ஒலியலைகளின் முகடுகளை, பொய் அலைவுகளைத் தடுக்க ஸ்கீமில் வைக்கும் வழக்கமான வரம்பிகள் சீவித் தள்ளிவிடுவதாலும், பிடிக்கப்பட்ட அதிர்ச்சி அலை பின்னால் உமிழும் இரைச்சல் இவற்றைவிடப் பெரிதாக இருப்பதாலும், இதற்கு மட்டும் அதிர்ச்சி அலையை வலையின் எல்லையாகவே பொருத்திக்கொள்ளும் முறையை நான் விரும்புகிறேன்.

இனி உங்கள் இரண்டாம் படத்தை மீண்டும் கணிக்கும்போது செய்ய வேண்டியவை. தொடக்கக் கலக்கத்தை நீங்களே இடுங்கள். நெளிவைத் தவிர வேறெதையும் இடாவிட்டால், நுண்சுருள்களுக்கு விதையாக இருப்பது கணினியின் தசம இலக்கப் பிழையும் வலையின் படிக்கட்டு விளிம்பும்தான். கம்பைலரை மாற்றினாலே படம் மாறும். முதன்மை நெளிவோடு, வீச்சும் கட்டமும் (அலை தொடங்கும் நிலை) தெரிந்த சில சிறிய அலைகளைச் சேர்த்து, எல்லையைக் குறைந்தது எட்டுக் கண்ணறை தடிமனுக்குப் பரப்பி, அந்தத் தடிமனை வலையோடு மாற்றாமல் மில்லிமீட்டரில் நிலையாக வையுங்கள். அதே சிக்கலை 45 பாகை திருப்பிய வலையில் ஒருமுறை ஓட்டுங்கள்; வலையோடு சேர்ந்து திரும்பும் எந்த அமைப்பும் வாயுவினுடையது அன்று. பிறகு எச்எல்எல்சியோடு ஐந்தாம் படி வீனோவை ஒருமுறையும், இரண்டாம் படி வான் லீர் வகை முறையை இரட்டிப்பு நுண்வலையில் ஒருமுறையும் ஓட்டி, கலப்பு அகலத்தையும் மொத்தச் சுழற்சி வலிமையையும் நேரத்துக்கு எதிராக ஒரே வரைபடத்தில் வரையுங்கள். இரு கோடுகளும் எந்த நேரம் வரை ஒன்றாகப் போகின்றனவோ, அந்த நேரம் வரையுள்ள படங்களை மட்டும் ஆய்வேட்டில் சேர்த்து, ரெனால்ட்ஸ் எண்ணையும் தொடக்கக் கட்டங்களின் அட்டவணையையும் படத்தின் அடியிலேயே அச்சிடுங்கள்.